இளவேனிலில் கோணமலைப் பறவைகள்

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து இரண்டு வாரம் சென்றதும் திருகோணமலையிலே காற்றின் குணம் மாறத் தொடங்கும். மார்கழியிலும் தையிலும் கரையைப் புரட்டியடித்த வாடைக் காற்றின் சுவடே இராது. விடியற்பொழுதில் கடல், குளத்து நீர்போல அசைவற்றுக் கிடக்கும். நாள் ஏற ஏற, மேற்கே காடுகளையும் வயல்களையும் கடந்துவரும் கச்சான் அனலாய் வீசத் தலைப்படும். இந்த நாள்களிலேதான் கரைவலைக்காரர் தம் வள்ளங்களைச் செப்பனிட்டுக் கடலில் இறக்குவர். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கத் தொடங்குவதால் அப்பகுதி மீனவர் பலர் கிழக்கே வந்து வாடி அமைப்பர். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் கடல் நீராட வந்து சேருவர்.

மனிதர் வந்துசேரும் இக்காலத்திலே பறவைகள் புறப்பட்டுப் போய்விடும் என்பது பொதுவான எண்ணம். புரட்டாதி முதல் பங்குனி வரையில் வடநாடுகளிலிருந்து வந்து தங்கும் பறவைகளைக் காணவே பலரும் தொலைநோக்கியுடன் செல்வர். வெயில் முற்றியதும் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவர். அவ்வெண்ணம் பாதி உண்மையே. விருந்தினர் போய்விடுகின்றனர், வீட்டார் இருக்கின்றனர். அவ்வீட்டில் தொட்டில் ஆடுகின்ற காலமும் இதுவே. அதனை நேரிற் காண விரும்பி, ஏப்ரல் மாதக் கடைசியில் ஒருநாள், பத்தாம் வகுப்பிற் படிக்கும் மருமகனையும் அழைத்துக்கொண்டு மலைமுனையிலிருந்து நிலாவெளி வரை சென்று வந்தோம். அன்று கண்டவற்றையும் அவை பற்றி அறிந்தவற்றையும் இங்கே தருகிறோம்.

மலைமுனையில் விடியல்

பொழுது புலருமுன் பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்து மேலே நடக்கவேண்டும். போர்த்துக்கேயர் 1624ஆம் ஆண்டளவில் எழுப்பிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். இன்று அதன் மதில்களுக்குள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. பாதையின் முடிவிலே, மூன்று புறமும் கடல் சூழ, சுவாமிமலையின் உச்சியில் திருக்கோணேச்சரம் விளங்குகின்றது. போர்த்துக்கேயர் இடித்த பழங்கோயிலின் நினைவாக மீண்டும் எழுந்த இக்கோயில் 1963ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது.

மலைமுனைக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. சமவெளியில் நிற்பவன் பறவையின் வயிற்றையே பார்க்கிறான்; இங்கு நிற்பவனோ அதன் முதுகையும் பார்க்கிறான். காலைப் பூசையின் மணியோசை ஓய்ந்த சிறிது நேரத்தில், எமக்குக் கீழே, செங்குத்தான பாறையை ஒட்டி, சாம்பல் நிற முதுகும் பால்போன்ற தலையுமாக ஒரு பெரும்பறவை இறக்கையை அசைக்காமலே மிதந்து வந்தது. அதுவே வெண்வயிற்றுக் கடற்கழுகு. விரித்த இறக்கைகளின் அகலம் ஏறக்குறைய இரண்டு மீற்றர். கடற்காற்று பாறையில் மோதி மேலெழும்புகின்றது. அந்தக் காற்றின்மேல் ஏறிக்கொண்டு, தன் பலத்தைச் செலவிடாமலே, அது மணிக்கணக்காக வட்டமிடும்.

“மாமா, பின்னாலே வருவது வேறொரு கழுகா? அது மண்ணிறமாக இருக்கிறதே” என்று மருமகன் கேட்டான். அது வேறொன்றன்று; அவ்விணையின் குஞ்சு. இலங்கையில் இக்கழுகுகள் மார்கழியையொட்டிய மாதங்களில் முட்டையிடுகின்றன. உயர்ந்த மரத்தின் கவட்டிலே சுள்ளிகளை அடுக்கிக் கட்டிய கூட்டை ஆண்டுதோறும் பழுதுபார்த்து மீண்டும் பயன்படுத்துகின்றன. இளவேனிலில் குஞ்சு பறக்கக் கற்றுவிடும். எனினும் இரைதேடும் வித்தை எளிதில் வாய்ப்பதில்லை. மீனை மட்டுமன்றிக் கடற்பாம்பையும் நீரின் மேற்பரப்பிலிருந்து கவ்வியெடுக்கும் அந்த வித்தையைத் தாய் தந்தையருடன் சில மாதங்கள் திரிந்தே அது பயிலும். பெரியவற்றின் வெள்ளையும் சாம்பலும் அதன் உடலில் முழுமையாக வந்து சேரச் சில ஆண்டுகள் செல்லும்.

பாறையின் முகத்தோரமாக உழவாரக் குருவிகள் அம்பெனப் பாய்ந்துகொண்டிருந்தன. கூட்டில் இருக்கும் நேரம் தவிர மற்றெல்லா நேரமும் வானத்திலேயே வாழும் குருவிகள் இவை. கண்ணைத் தூர விட்டால் திமிங்கிலம் நீரைப் பீச்சுவதும் சில நாள்களில் தென்படும். திருகோணமலைக் கரைக்கு அண்மையிலேயே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், மாசி முதல் சித்திரை வரை நீலத் திமிங்கிலங்கள் இவ்வளவு அருகே வருகின்றன.

துறைமுகத்துப் பந்தி

வெயில் ஏறியதும் மலையை விட்டிறங்கி உட்துறைமுகக் கரைக்குச் சென்றோம். உலகத்துச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென இதனைக் கூறுவது வெறும் பெருமைப் பேச்சன்று. குன்றுகள் சூழ்ந்து காற்றை மறைக்கின்றன. பெருங்கப்பலும் தயக்கமின்றி நுழையும் ஆழமுண்டு. அப்பால் விரிந்திருக்கும் கொட்டியாரக் குடாவிலே மகாவலி கங்கை வந்து கலக்கின்றது. ஆறு கொண்டுவரும் வண்டலும் அமைதியான நீரும் சேர்ந்த இடத்தில் சிறுமீன் பெருகும். சிறுமீன் பெருகிய இடத்திற் பறவை கூடும். கடற்படையின் பொறுப்பிலுள்ள பகுதிகளுக்குள் நாம் செல்லுதல் இயலாது. நகரக் கரையில் நின்று பார்த்தாலே கண்ணுக்கு விருந்துண்டு.

வெண்தலையும் செம்மேனியுமாகச் செம்பருந்துகள் படகுகளின் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. கருடன் என்று நாம் கண்டதும் கன்னத்தில் இட்டுக்கொள்வதும், கும்பாபிஷேக வேளையில் வானத்தை அண்ணாந்து தேடுவதும் இப்பறவையையே. துறைமுகத்திலோ அது ஓயாது உழைக்கும் துப்புரவாளன். மீனவர் வீசியெறியும் குடலையும் செதிலையும் நீரைத் தொட்டும் தொடாமலும் காலால் அள்ளியெடுத்துப் பறந்தவாறே உண்டுவிடும்.

நீர்க்காகங்கள் தூண்களின்மேல் இறக்கையை விரித்துக் காயவிட்டிருந்தன. “நீரிலே வாழும் பறவைக்கு நனையாத இறகு இருக்கவேண்டாமா?” என்பது மருமகனின் ஐயம். நல்ல ஐயம்தான். வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. ஆதலால் அது மிதக்கும். நீர்க்காகத்தின் இறகு நீரை ஏற்றுக்கொள்ளும். ஆதலால் அது எளிதாக மூழ்கி மீனைத் துரத்தும். மூழ்குவதற்கு வசதியாக அமைந்த இறகைக் கரைக்கு வந்தபின் உலர்த்தத்தானே வேண்டும்.

மிதவைகளின்மேல் பெரிய கொண்டை ஆலாக்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. ஆசைப்பட்டு அலைபவனைப் பார்த்து ‘ஆலாய்ப் பறக்கிறான்’ என்று சொல்வது நம் வழக்கம். தண்ணீருக்குமேல் ஓரிடத்தில் நின்று சிறகடித்து, தலையைக் கவிழ்த்துக் கீழே குறிபார்த்து, திடீரெனத் தலைகீழாய்ப் பாயும் இப்பறவையை ஒருமுறை கண்டவருக்கு அத்தொடரின் பொருத்தம் நன்கு விளங்கும்.

புத்தாடை உடுத்த விருந்தினர்

நகரிலிருந்து வடக்கே, உப்புவெளியையும் சாம்பல்தீவுப் பாலத்தையும் தாண்டிச் செல்லும் வீதியோரமாகக் களப்புகள் காணப்படுகின்றன. வெயிலால் நீர் வற்றிச் சேறு தெரியும் இடங்களிலே, புறப்படப் பிந்திய விருந்தினர் சிலர் நின்றனர். பழுப்புத்தலைக் கடற்காகம் என்னும் பெயரை மார்கழியிற் கேட்டவன், அதன் தலை வெண்மையாக இருப்பதைக் கண்டு மயங்குவான். அப்போது கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளியே இருக்கும். சித்திரையிலோ பெயருக்கேற்ற கரும்பழுப்புத் தலைப்பாகையை அது அணிந்துவிடும். மணல்நிறமாக இருந்த உப்புக்கொத்திகளின் மார்பில் செங்காவிநிறம் ஏறிவிடும். கல்லைப் புரட்டி இரைதேடும் உள்ளானின் முதுகு செம்மையும் கருமையுமாக மின்னும்.

இவையெல்லாம் கலியாணக் கோலம். கலியாண வீடு இங்கன்று. கடற்காகம் இமயத்துக்கு அப்பால் திபெத்து மேட்டுநிலத்து ஏரிகளையும் மத்திய ஆசியாவையும் நாடிச் செல்லும். கல்புரட்டி உள்ளான் வடதுருவத்தை அடுத்த தரிசுநிலம் வரை செல்லும். அந்நாடுகளில் பனி உருகிப் பூச்சி பெருகும் காலம் மிகக் குறுகியது. அதற்குள் கூடுகட்டிக் குஞ்சு வளர்த்து முடிக்கவேண்டுமாதலால், நம் கரையிலேயே உடம்பிற் கொழுப்பைச் சேர்த்து, உடையையும் மாற்றிக்கொண்டே புறப்படுகின்றன. நாம் சேறு என்று ஒதுக்கும் களப்பு, அவற்றுக்கு வழிச்சோறு கட்டித்தரும் மடப்பள்ளி.

மணலே தொட்டில்

நிலாவெளிக் கரையை அடைந்தபோது கச்சான் வீசத் தொடங்கியிருந்தது. மணல் காலைச் சுட்டது. வாடியொன்றின் அருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், மேட்டு மணலை நோக்கி ஓடிய மருமகனைக் கூவி நிறுத்தினார்.

“தம்பி, அங்காலை போகாதேங்கோ! ஆக்காட்டி முட்டை வைச்சிருக்குது. கண்ணுக்குத் தெரியாது, மிதிச்சுப்போடுவியள்.”

“எங்கே அப்பு? கூட்டைக் காணவில்லையே?” என்றான் இவன்.

“கூடெண்டு ஒண்டும் இல்லை. மண்ணிலைதான் கிடக்குது. நாங்களே வலையை இஞ்சாலை காயப்போடுறம்.”

அவர் காட்டிய திசையிலே, ஒரு பறவை எழுந்து எம் தலைக்குமேல் சுற்றிச் சுற்றி வீரிட்டது. நிலத்திலோ கல்லும் சிப்பியுமே தென்பட்டன. தொலைநோக்கியால் நெடுநேரம் துழாவிய பின்னரே, கல்லென்று எண்ணியவற்றுள் நான்கு, கரும்புள்ளி விழுந்த முட்டைகள் என்பது புலப்பட்டது. நம் நாட்டார் பாடலிலே இடம்பெற்ற ஆக்காட்டியின் வீடு அவ்வளவுதான்: மணலில் ஒரு சிறு குழி.

திறந்த மணலிலே முட்டையிடுவது ஆக்காட்டி மட்டுமன்று. மணிக்கட்டு அளவேயுள்ள சின்ன ஆலா, இக்கோடை மாதங்களில் வறண்ட கரைகளிலும் உப்பளங்களிலும் அவ்வாறே முட்டையிடுகின்றது. அன்று நாம் கண்டபோது அவை இன்னும் மணம்பேசும் நிலையில் இருந்தன. ஆண் ஆலா சிறுமீன் ஒன்றைக் கவ்விவந்து, பெண்ணுக்கு முன்னே நின்று, அதனைப் பணிவோடு நீட்டியது. பெண் ஏற்றுக்கொண்டால் சம்மதம் என்று பொருள்.

மூன்றாவது ஒரு பறவை பற்றி மாணவர் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுவதும் வாழும் சிறிய உப்புக்கொத்தி ஒன்றை, வெளிநாட்டு இனமொன்றின் துணையினமென்றே 1915ஆம் ஆண்டு முதல் நூல்கள் குறித்துவந்தன. அண்மையில் இலங்கை ஆய்வாளரும் பிறநாட்டாரும் சேர்ந்து அதன் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்புநோக்கி, அது தனியினமே என நிறுவினர். 2023ஆம் ஆண்டில் அது அனுமன் உப்புக்கொத்தி என்னும் பெயருடன் உலகப் பறவைப் பட்டியலிலே தனியிடம் பெற்றது. இராமர் அணையை ஒட்டிய கரைகளில் வாழ்வதால் அப்பெயர். எவரும் ஏறிட்டுப் பாராத சாதாரண மணற்குருவி, நம் கண்முன்னேயே புதுப்பெயர் பெற்றுவிட்டது!

மணலில் முட்டையிடும் பறவைகளுக்குத் துணையாவது மறைவு ஒன்றே. முட்டையின் நிறம் மணலின் நிறம். குஞ்சின் நிறமும் அதுவே. அபாயம் நெருங்கினால் உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோலத் தரையில் இழுபட்டு ஓடி, பகையைத் தன்பின்னே இழுத்துச் செல்லும். குஞ்சுகளோ அசைவற்றுப் படுத்துவிடும். நாயையும் நரியையும் இவ்வாறு ஏமாற்றலாம். வெயிலை ஏமாற்ற முடியாது. நண்பகல் வெயிலில் தாய் முட்டைமேல் இருப்பது சூடேற்றுவதற்கன்று, நிழலளிப்பதற்கே. நீரோரம் சென்று தன் வயிற்றிறகை நனைத்துவந்து முட்டையைக் குளிரச்செய்யும் வழக்கமும் இவற்றுக்கு உண்டு.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய இடம் வருகின்றது. இப்பறவைகளுக்கு மணல் மிகத் தேவைப்படும் மாதங்களும், நாம் விடுமுறை கழிக்க அம்மணலுக்குச் செல்லும் மாதங்களும் ஒன்றே. நாம் முட்டையை மிதிக்காமல் இருக்கலாம். ஆனால் அதன் அருகே பாயை விரித்துச் சோற்றுப்பொதியை அவிழ்த்து உட்கார்ந்துவிட்டால், தாய்ப்பறவை அஞ்சி எழுந்து வானத்திலே கத்திக்கொண்டிருக்கும். நாம் உண்டு முடிக்குமுன் முட்டைக்குள்ளிருக்கும் உயிர் வெயிலில் வெந்து மாண்டுபோகக்கூடும். நாம் விட்டுச்செல்லும் எச்சிற் சோற்றுக்குக் காகமும் தெருநாயும் வரும். சோறு தீர்ந்தபின் அவை முட்டையைத் தேடும். எவருக்கும் தீங்கு நினையாத ஒரு குடும்பம், ஒரு பறவைக் குடும்பத்தை இப்படி அறியாமலே அழித்துவிட்டு, மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம்.

மாடம் காணாத மாடப்புறா

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு இருக்கின்றது. பவளப்பாறையைக் காணவே பெரும்பாலோர் படகேறிச் செல்கின்றனர். தீவுக்குப் பெயர் தந்த புறாவை நிமிர்ந்து பார்ப்போர் சிலரே.

கோயிற் கோபுரத்திலும் புகையிரத நிலையத்திலும் நாம் காணும் மாடப்புறாவின் மூதாதை, மனிதன் மாடம் கட்டுவதற்கு முன்னரே பாறை இடுக்குகளில் வாழ்ந்த காட்டுப்புறா. மனிதன் அதனைப் பிடித்துப் பழக்கினான். தூதுப்புறா, பந்தயப்புறா, விசிறிவாற்புறா என்று வளர்ப்புப் புறாக்களில் எத்தனை வகையிருப்பினும் அனைத்தும் அந்த ஒரே காட்டினத்தின் வழிவந்தவை என டார்வின் 1859இல் வெளியிட்ட நூலிலே வாதிட்டார். அக்காட்டுப்புறா இலங்கையிலே இன்றும் கூடுகட்டும் மிகச்சில இடங்களுள் புறாத்தீவு தலையாயது. இரண்டு வெண்முட்டைகளைப் பாறைப்பிளவில் இட்டு, ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாத்து, தம் தொண்டைப்பையில் ஊறும் பால்போன்ற உணவைக் குஞ்சுகளுக்கு ஊட்டி வளர்க்கின்றன. பகலில் கடலைக் கடந்து நிலப்பகுதிக்கு வந்து தானியம் பொறுக்கி, மாலையில் தீவுக்குத் திரும்புகின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு துப்பாக்கி சுடும் பயிற்சிக்கும் பயன்பட்டது. 1963ஆம் ஆண்டில் அது சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. எனினும் சட்டம் தீவைச் சுற்றி வேலியிட முடியாது. பாறையின்மேல் ஏறிக் கூச்சலிடுவோர் இருந்தால் கூடு வெறிதாகும். ஊர்ப்புறா அங்கு சென்று கலந்துவிட்டால் காட்டினத்தின் தூய்மை சிறிது சிறிதாகக் கரைந்துபோகும். உலகெங்கும் கோடிக்கணக்காகப் பெருகிய பறவையொன்று தன் பிறந்தவீட்டில் மட்டும் அருகிவருவது விந்தையான நிலையன்றோ?

கண்ணும் கையேடும்

பறவைகளைக் காண்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு தொலைநோக்கி இருந்தால் நன்று. இல்லாவிடினும் கண்ணும் கையேடும் பொறுமையும் போதும். இடம், நாள், நேரம், காற்று, கண்ட பறவை, அதன் தொகை, அது செய்த செயல் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவைத்தல் வேண்டும். 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணியாற்றிய பீரங்கிப்படை அதிகாரியான வின்சென்ற் லெக் என்பவர், உத்தியோகத்தின் இடையே ஊரூராக இவ்வாறு எழுதிய குறிப்புகளைக் கொண்டே இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலை ஆக்கினார். நூற்றைம்பது ஆண்டுகள் சென்றபின்னும் ஆய்வாளர் அதனைப் புரட்டுகின்றனர். இன்று ஒரு மாணவன் நிலாவெளியில் எழுதும் வரி, நாளை ஒருவருக்குச் சான்றாகலாம்.

கரைக்குச் செல்லும் குடும்பத்தார் கடைப்பிடிக்கவேண்டியவை மிகச் சில. அலை நனைத்த ஈரமணலிலே நடக்கலாம். மேட்டு மணலையும் களப்போரத்து வெளியையும் இம்மாதங்களில் விலக்கி நடத்தல் நன்று. தலைக்குமேல் ஒரு பறவை விடாது கத்தினால், அது பாடவில்லை, மன்றாடுகின்றது என்பதை உணர்ந்து, வந்த வழியே பின்வாங்கவேண்டும். மிஞ்சிய சோற்றையும் குப்பையையும் பொதிந்து திரும்பக் கொண்டுசெல்லவேண்டும். வாகனத்தை மணலில் ஏற்றலாகாது. புறாத்தீவிலே பாறை ஏறலாகாது.

மாலையில் திரும்பும்போது அந்த வாடியைக் கடந்தே வந்தோம். முதியவரும் அவருடைய மக்களும் வலையை மடித்துக்கொண்டிருந்தனர். வழமையாக வலை காயும் மேட்டைவிட்டுச் சில யார் தள்ளி, வசதி குறைந்த சரிவிலேதான் அது விரிக்கப்பட்டிருந்தது. சரணாலயப் பலகையும் காவலாளியும் அங்கு இல்லை. நாட்கூலிக்கு உழைக்கும் மனிதர், முட்டை பொரிக்கும் வரைக்கும் தம் இடத்தைச் சற்று ஒதுக்கிக்கொண்டனர். மேட்டின்மேல் ஆக்காட்டி அமைதியாக அமர்ந்திருந்தது.

மருமகன் கையேட்டை எடுத்து அன்றைய கடைசி வரியை எழுதினான்: “நிலாவெளி. மாலை ஐந்தரை. கச்சான் தணிந்தது. ஆக்காட்டி ஒன்று, முட்டை நான்கு. நலம்.”